முதலில் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்: முதல் வகை நீரிழிவோடு வளரும் பதின்வயதினரின் வீட்டாருக்கு

என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு இருப்பது தெரியவந்தபோது அவளுக்குப் பதினோரு வயது. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள், அவள் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே நான் கேட்ட முதல் கேள்வி "சுகர் எத்தனை?" என்பதாகவே இருந்தது. பதினான்காவது வயதில் ஒரு மாலை அவள் வாசலிலேயே நின்று, "நான் வந்திருக்கேன்மா, மீட்டர் மட்டும் வரல" என்றாள். அந்தக் குரலில் கோபத்தைவிடக் களைப்பே மிகுந்திருந்தது. மறுநாளிலிருந்து "சாப்பிட்டாயா?" என்று முதலில் கேட்கவும், மற்றதை அவள் முகம் கழுவி உட்கார்ந்த பிறகு கேட்கவும் பழகிக்கொண்டேன். அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் அவள் தன் அளவுகளைப் பற்றி என்னிடம் உண்மையாகப் பேசத் தொடங்கினாள்.

பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவு இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். இன்சுலினை எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்பது உங்கள் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. அதற்குள் நான் போகவில்லை. அந்த ஊசிகளுக்கும் பரிசோதனைகளுக்கும் நடுவே ஒரு பிள்ளை நன்றாகத் தூங்கி, படித்து, விளையாடி, சிநேகிதர்களோடு ஊர் சுற்றி, பண்டிகை கொண்டாடி வளர்வதற்கு வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்த வயதில் அளவுகள் ஏன் கட்டுக்குள் நிற்பதில்லை

பூப்பெய்தும் பருவத்தில் வளர்ச்சி ஹார்மோனும் பாலின ஹார்மோன்களும் மிகுதியாகச் சுரக்கின்றன, அவை இன்சுலினை அதன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கின்றன. குழந்தையாக இருந்தபோது உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.7 முதல் 1 யூனிட் வரை போதுமாக இருந்த இன்சுலின், இந்த ஆண்டுகளில் 1.2 யூனிட்டைத் தாண்டுவதும் சிலருக்கு 2 யூனிட் வரை போவதும் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் இரவில் அதிகமாகச் சுரப்பதால், முந்தின இரவு எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிள்ளைகூட விடியற்காலையில் 220 என்ற சர்க்கரை அளவோடு எழுந்திருக்கலாம். இதை அறியாத வீடுகளில் அந்த 220-க்குக் காரணம் தேடும் விசாரணை காலை காபிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பிள்ளை திருட்டுத்தனமாக எதையோ தின்றுவிட்டதாகவே எல்லோரும் முடிவு செய்கிறார்கள். அளவு உயர்ந்தால் அது இன்சுலின் தேவை மாறியிருப்பதற்கான செய்தியாக இருக்கலாம் என்பதை வீட்டில் அனைவரும், குறிப்பாகத் தாத்தா பாட்டியும், அறிந்திருக்க வேண்டும்.

பொதுவாக மருத்துவர்கள் நாளின் எழுபது விழுக்காடு நேரமாவது சர்க்கரை 70 முதல் 180 வரையிலான அளவில் இருக்க வேண்டும் என்றும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான ஹெச்பிஏ1சி 7 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பது நல்லது என்றும் சொல்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, மருத்துவமே எழுபது விழுக்காட்டைத்தான் கேட்கிறது என்பதாகும். மீதி முப்பது விழுக்காடு நேரத்தில் அளவு மேலேயும் சில சமயம் கீழேயும் போகும் என்று கணக்கில் வைத்துத்தான் அந்த இலக்கை வகுத்திருக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் வீட்டில் நூற்றுக்கு நூறு கேட்கிறோம்?

எண்ணைப் பற்றிப் பேசும் விதம்

மீட்டரில் தெரியும் எண்ணை "நல்ல சுகர்", "கெட்ட சுகர்" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். "மேலே இருக்கிறது", "கீழே இருக்கிறது" என்று சொல்லுங்கள். 280 என்று வந்தால் "என்ன தின்றாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "சரி, இப்போது என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். முதல் கேள்வி பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது, இரண்டாவது கேள்வி தீர்மானிக்கும் இடத்தில் உட்கார வைக்கிறது. குறிப்பேட்டில் எல்லா அளவும் 110, 120, 130 என்று அழகாக வரிசையாக இருந்து, ஹெச்பிஏ1சி மட்டும் 10 என்று வந்தால், அந்தக் குறிப்பேட்டை எழுதியது உங்கள் பிள்ளையின் பயம் என்று புரிந்துகொள்ளுங்கள். பொய் எழுதியதற்காகத் திட்டினால் அடுத்த முறை இன்னும் திறமையாக எழுதுவார்கள். எங்கள் வீட்டில் "எந்த எண்ணைச் சொன்னாலும் திட்டு இல்லை" என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். அதை நான் இரண்டு முறை மீறினேன், இரண்டு முறையும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சார் பயன்படுத்துகிறவர்கள் கூடுதலாக ஒன்றைப் பேசி முடிவு செய்ய வேண்டும். பெற்றோரின் கைப்பேசியிலும் அளவு தெரியும் வசதி பெரிய ஆறுதல்தான். ஆனால் பிள்ளை வகுப்பில் இருக்கும்போது அளவு ஏறுவதையோ இறங்குவதையோ காட்டும் ஒவ்வொரு அம்புக்குறிக்கும் நீங்கள் குறுஞ்செய்தி அனுப்பினால், அது கண்காணிப்புக் கேமராவோடு வாழ்வதைப் போன்றது. 70-க்குக் கீழே இறங்கினாலோ, நீண்ட நேரம் 300-க்கு மேல் நின்றாலோ மட்டும் அழைப்பது, மற்ற நேரங்களில் பேசாமல் இருப்பது என்பது போன்ற ஓர் எல்லையைப் பிள்ளையிடம் கேட்டே வகுத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலினை நிறுத்தச் சொல்கிறவர்கள்

இந்தப் பகுதியில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. முதல் வகை நீரிழிவில், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே அழித்துவிடுகிறது. பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகையோடு இதைக் குழப்பிக்கொண்டு, பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூக் கஷாயம், இன்னும் என்னென்னவோ பொடிகள் என்று உறவினர்கள் அன்போடு கொண்டுவருவார்கள். பாகற்காய்ப் பொரியலாகச் சாப்பிட்டால் அது ஒரு நல்ல காய், அவ்வளவுதான். ஊசிக்கு மாற்றாக எதுவும் இல்லை. சில நாட்கள் இன்சுலினை நிறுத்தினாலே உயிர் போகும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரத்தில் முதன்முதலாக இன்சுலின் போடப்பட்ட லெனார்ட் தாம்சன் ஒரு பதினான்கு வயதுச் சிறுவன். அதற்கு முந்தைய ஆண்டு வரை அந்த வயதில் இந்த நோய் வந்த பிள்ளைகள் பட்டினி போன்ற உணவு முறையில் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து இறந்துபோனார்கள். உறவினர்களுக்கு இந்த ஒரு செய்தியைச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் அதற்கு மேல் வற்புறுத்துவதில்லை.

தட்டில் என்ன இருக்கிறது

நீரிழிவுள்ள பிள்ளைக்கென்று தனிச் சமையல் வேண்டாம். ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் கோதுமைக் கஞ்சியும் மற்றவர்களுக்குத் தோசையும் என்றால், அந்தப் பிள்ளை தினமும் மூன்று வேளை தன் நோயைத்தான் சாப்பிடுகிறது. தேவைப்படுவது மாவுச்சத்தை எண்ணும் பழக்கம்தான். சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி ஒரு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள். 50 கிராம் எடையுள்ள ஓர் இட்லியில் ஏறத்தாழ 12 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம். 200 மில்லி பாலில் 10 கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் 4 முதல் 5 கிராம். ஒரு வாரம் நிறுத்த பிறகு தராசு தேவைப்படாது, உங்கள் வீட்டுக் குழிக்கரண்டியே அளவாகிவிடும். எங்கள் கரண்டி ஒன்றுக்கு 60 கிராம் சோறு, அதாவது 17 கிராம் மாவுச்சத்து. எத்தனை கிராமுக்கு ஒரு யூனிட் என்ற கணக்கை மருத்துவரோ உணவியல் வல்லுநரோ வகுத்துத் தருவார்கள். அது காலையில் ஒன்றாகவும் இரவில் வேறாகவும் இருக்கலாம்.

நேரமும் முக்கியம். விரைவாக வேலை செய்யும் புதிய வகை இன்சுலின் என்றால் சாப்பாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்பும், பழைய ரெகுலர் வகை என்றால் அரைமணி நேரத்துக்கு முன்பும் போடுவது வழக்கம். கல்யாண வீடுகளில் இதுதான் சிக்கலாகிறது. பந்தி எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் ஊசி போட்டுவிட்டு, இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும்போதே சர்க்கரை இறங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இலையில் உட்கார்ந்து, பரிமாறுகிறவர் அந்த வரிசைக்கு வந்த பிறகு போட்டுக்கொள்ளட்டும். சற்று உயர்ந்தாலும் பாதகமில்லை. பரோட்டா, பிரியாணி போன்றவற்றில் எண்ணெயும் நெய்யும் அதிகம் என்பதால் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் அளவு சாதுவாக இருந்துவிட்டு, மூன்று முதல் ஐந்து மணி நேரம் கழித்து ஏறும். இரவில் அவற்றைச் சாப்பிட்டால் நள்ளிரவுக்கு மேல் ஒருமுறை பார்ப்பது நல்லது. இதற்கு இன்சுலினை எப்படிப் பிரித்துப் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு ஒரு மைசூர்பாகு சாப்பிடலாமா என்று கேட்டால், சாப்பிடலாம் என்பதுதான் என் பதில். சாப்பாட்டோடு சேர்த்து, கணக்கில் எடுத்து, அதற்கான இன்சுலினையும் போட்டு, உங்கள் முன்னால் உட்கார்ந்து சாப்பிடட்டும். முழுமையாகத் தடுத்த வீடுகளில் பிள்ளைகள் அதையே மாடிப்படியில் நின்று தின்கிறார்கள். ஒளித்துத் தின்பதற்கு யாரும் ஊசி போட்டுக்கொள்வதில்லை. "சர்க்கரை இல்லாதது" என்று அட்டையில் அச்சிட்ட பிஸ்கட்டுகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் மைதா இருக்கிறது, மைதாவும் சர்க்கரையாகத்தான் மாறும்.

சர்க்கரை இறங்கும்போது

70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் அது அவசரம். வியர்வை, கை நடுக்கம், பசி, தலைசுற்றல், காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழறல் ஆகியவை அடையாளங்கள். பதின்வயதுப் பிள்ளை திடீரென்று கத்தினால் பதிலுக்குக் கத்துவதற்கு முன்பு ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். எங்கள் வீட்டில் பல சண்டைகள் 60 என்ற எண்ணில் முடிந்திருக்கின்றன. உடனே 15 கிராம் குளுக்கோஸ், அதாவது குளுக்கோஸ் பொடி மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, 70-க்கு மேல் வரவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு கொடுக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தால், சரியான பிறகு இரண்டு பிஸ்கட்டோ ஓர் இட்லியோ சாப்பிடட்டும். பயத்தில் பாதி டப்பாவைக் கொட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த மணி நேரத்தில் 350-ஐப் பார்த்துப் பதறுவது எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். பதினைந்து நிமிடம் காத்திருப்பதற்கும் பயிற்சி வேண்டும்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி கைவசம் இருந்து போடத் தெரிந்தால் போட்டு, உடனே 108-ஐ அழையுங்கள். இந்த வரிகளைப் பிள்ளையின் நெருங்கிய சிநேகிதர் இருவருக்காவது சொல்லிக்கொடுங்கள். என் மகளின் தோழி ஒருத்தி பென்சில் பெட்டியில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்கிறாள். அந்தப் பொட்டலம் எனக்குத் தரும் தைரியத்தை வேறெதுவும் தருவதில்லை.

பள்ளியும் பொதுத்தேர்வும்

முதலில் என் மகள் படித்த பள்ளியில் மீட்டரையும் இன்சுலின் பேனாவையும் அலுவலக அறையில்தான் வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். வகுப்போ மூன்றாவது மாடி. சர்க்கரை இறங்கியபோது அந்தப் படிகளில் அவளைத் தனியாக அனுப்பினார்கள். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு மருத்துவரின் கடிதத்தோடு தலைமையாசிரியரைச் சந்தித்து நான்கு கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்தேன். மீட்டரும் பேனாவும் குளுக்கோஸும் எப்போதும் பிள்ளையின் பையிலேயே இருக்கும். வகுப்பு நடக்கும்போதும் அளவு பார்க்கலாம், சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம், கழிப்பறைக்குப் போகலாம். தாழ்சர்க்கரையில் ஒருபோதும் தனியாக எங்கும் அனுப்பக் கூடாது. உடற்கல்வி வகுப்பிலிருந்து விலக்கக் கூடாது. நீங்களும் கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே இப்படி எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் வகுப்பாசிரியர் மாறுவார், அதனால் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். ஊசியைக் கழிப்பறையில் போய்ப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சாப்பிடும் இடத்தில் போட்டுக்கொள்ளும் மருந்து அது. டென்னிஸ் வீரர் அலெக்சாண்டர் ஸ்வெரெவுக்கே 2023 பிரெஞ்சு ஓபனில் ஆடுகளத்தில் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்லப்பட்டு, அவர் அதை வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் அனுமதி கிடைத்தது.

பொதுத்தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சிபிஎஸ்இ வாரியம் 2017-இலேயே முதல் வகை நீரிழிவுள்ள மாணவர்கள் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, சாக்லேட், பழம், சிற்றுண்டி, சிறிய தண்ணீர் பாட்டில் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல அனுமதித்தது. ஜேஇஇ முதன்மைத் தேர்விலும் நீரிழிவுள்ளவர்கள் சர்க்கரை மாத்திரையும் வாழைப்பழம், ஆப்பிள் போன்ற பழங்களும் ஒளி ஊடுருவும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துச்செல்லலாம். எந்தத் தேர்வாக இருந்தாலும் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துப் பார்த்து, மருத்துவச் சான்றோடு தேர்வுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். தேர்வு நாள் காலையில் வாசலில் நின்று வாதாடும் நிலையைப் பிள்ளைக்கு வைக்காதீர்கள். தேர்வுப் பதற்றம் சிலருக்கு அளவை ஏற்றும், சிலருக்கு இறக்கும். மாதிரித் தேர்வுகளின்போதே பார்த்து வைத்திருந்தால் உங்கள் பிள்ளை எந்த வகை என்று தெரியும்.

விளையாட்டு

விளையாட விடுங்கள். பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரமுக்கு 1997-இல் முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகும் வேகப்பந்து வீசி, 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் ஆட்டங்களில் 500 விக்கெட்டுகளை எட்டிய முதல் பந்துவீச்சாளரானார். மேலே சொன்ன ஸ்வெரெவ் நான்கு வயதிலிருந்து இதோடு வாழ்கிறவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். ஆட்டத்துக்கு முன் அளவைப் பார்த்து, 90-க்குக் கீழ் இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இறங்கட்டும். 250-க்கு மேல் இருந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலப் பொருள்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் அன்று ஆட்டம் வேண்டாம். ஓடப்போகும் நாளில் தொடையில் ஊசி போடாமல் வயிற்றில் போட்டுக்கொள்வது நல்லது. மாலையில் கடுமையாக விளையாடினால் சர்க்கரை அன்று இரவு இரண்டு மணிக்கும் இறங்கக்கூடும், அதனால் அன்றைக்கு மட்டும் படுக்குமுன் பார்ப்பதும் கொஞ்சம் சாப்பிடுவதும் தவறக் கூடாது.

பெண் பிள்ளைகளின் வீட்டில்

மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களில் அளவு ஏறி, தொடங்கியவுடன் இறங்குவது பலரிடம் காணப்படுகிறது. மூன்று மாதங்கள் நாட்காட்டியில் குறித்தால் அவரவர்க்கு உரிய போக்கு தெரிந்துவிடும், மருத்துவரும் அதற்கேற்பச் சொல்வார்.

இதைவிடப் பெரிய சுமை "வெளியே சொல்லாதே, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும்" என்ற அறிவுரைதான். நோயை மறைக்கக் கற்றுக்கொண்ட பெண், உறவினர் வீட்டில் ஊசி போட மாட்டாள், சுற்றுலாவில் அளவு பார்க்க மாட்டாள், தாழ்சர்க்கரையில் நடுங்கினாலும் வாய்திறக்க மாட்டாள். பதினைந்து வயதில், தன் உடலில் வெட்கப்பட வேண்டிய ஏதோ ஒன்று இருப்பதாகவும் நம்பத் தொடங்குவாள். அளவுகளைக் கட்டுக்குள் வைத்து, மருத்துவரோடு திட்டமிட்டுக் கருவுற்ற பெண்கள் ஆரோக்கியமான பிள்ளைகளைப் பெறுகிறார்கள் என்பதை அவளுக்கும் அந்த அறிவுரை சொல்கிறவர்களுக்கும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்ற முடிவு அவளுடையதாக இருக்கட்டும். ஆனால் சொல்லக் கூடாது என்ற கட்டளை வீட்டிலிருந்து போகக் கூடாது.

பொறுப்பைக் கைமாற்றுவது

இந்த வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். இரண்டு விதமான தவறுகளைத்தான் வீடுகளில் பார்க்கிறேன். ஒரு சாரார் பதினேழு வயதிலும் தாயே ஊசியைத் திருகிப் போட்டுவிடுகிறார்கள்; விடுதியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்தப் பிள்ளை தடுமாறிவிடுகிறது. இன்னொரு சாரார் "பெரிய பையனாகிவிட்டான், அவனே பார்த்துக்கொள்வான்" என்று பதின்மூன்று வயதிலேயே எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். சீக்கிரமே முழுவதும் விடப்பட்ட பிள்ளைகளுக்கு ஊசி தவறுவதும் ஹெச்பிஏ1சி உயர்வதும் அதிகம் என்பது மருத்துவர்கள் தொடர்ந்து சொல்லிவரும் விஷயம்.

சப்பரம் தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்வது போல இதைச் செய்ய வேண்டும். சப்பரம் தரையில் வைக்கப்படுவதே இல்லை. வயதை வைத்துத் தீர்மானிக்காமல் வேலையை வைத்துத் தீர்மானியுங்கள். முதலில் அளவு பார்ப்பதும் சொல்வதும் பிள்ளையின் வேலையாகட்டும். பிறகு தட்டில் உள்ளதைக் கணக்கிடுவது. அதற்குப் பிறகு பேனாவில் யூனிட்டைத் திருகுவது, நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணை மட்டும் பாருங்கள். உயர்ந்த அளவைச் சரிசெய்ய எவ்வளவு கூடுதலாகப் போடுவது என்ற முடிவு அதற்கும் பிறகு. அளவு பார்க்கும் ஸ்ட்ரிப்பும் இன்சுலினும் தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே கவனித்து வாங்கச் சொல்வதும், மருத்துவரிடம் தானே பேசுவதும் கடைசிப் படிகள். ஒவ்வொன்றும் சில மாதங்கள் பிடிக்கும்.

தேர்வு மாதத்திலோ காய்ச்சல் வந்தபோதோ பிள்ளை "இந்த வாரம் நீங்க பாத்துக்கோங்கம்மா" என்று கேட்டால், மறுபேச்சின்றி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டாலும் வாடிய முகத்தைப் பார்த்து நீங்களே கேளுங்கள். திரும்பக் கொடுக்கும்போது பேச்சில்லாமல் திரும்பக் கொடுங்கள். இதைத் தோல்வியாகவோ தண்டனையாகவோ ஆக்கினால் அடுத்த முறை உதவி கேட்க மாட்டார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நம் வீடுகளில் இந்த வேலை முழுவதும் தாயின் தலையிலேயே விழுகிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து அளவு பார்ப்பதில் தந்தைக்கும் முறை இருக்கட்டும். பல ஆண்டுகள் தூக்கம் கெட்ட ஒருவர் அன்பாகப் பேசுவது கடினம். பிள்ளைக்குத் தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்களோடு மட்டும் கழிக்கும் நேரமும் வாரத்தில் சிறிதாவது இருக்க வேண்டும்.

சலிப்பு வரும்

நாளொன்றுக்கு நான்கு ஊசிகள் என்றால் ஆண்டுக்கு 1460. அதற்கு விடுமுறை கிடையாது. அந்தச் சலிப்பைக் கொட்டும் பிள்ளையிடம் "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்" என்று சொல்லாதீர்கள்; "ஆமாம், கஷ்டம்தான்" என்று மட்டும் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். ஆனால் சில அடையாளங்களைச் சலிப்பு என்று விட்டுவிடக் கூடாது. எடை குறைந்துகொண்டே வருவது, சாப்பிடும் நேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொள்வது, கண்ணாடி முன் உடலை வெறுத்துப் பேசுவது, மாதம் முழுவதற்கும் வாங்கிய இன்சுலின் மிச்சமாகிக்கொண்டே போவது ஆகியவை சேர்ந்து வந்தால், எடை குறைவதற்காக வேண்டுமென்றே இன்சுலினைத் தவிர்க்கிறாரா என்று பார்க்க வேண்டும். இந்த வயதில் இது நடக்கக்கூடியது, உயிருக்கு ஆபத்தானது, பையன்களிடமும் உண்டு. தொடர்ந்து பல வாரங்கள் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலும், வாழ்வதில் அர்த்தமில்லை என்று சொன்னாலும் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீரிழிவு மருத்துவரிடமும் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

காய்ச்சல், வாந்தி வந்த நாட்களில் "ஒன்றுமே சாப்பிடவில்லையே" என்று இன்சுலினை நிறுத்துவது பல அவசர அனுமதிகளுக்குக் காரணமாகிறது. சாப்பிடாவிட்டாலும், நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும் அடிப்படை இன்சுலின் வேண்டும். எத்தனை யூனிட் என்பதை மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். 250-க்கு மேல் அளவு இறங்காமல் நின்று, வயிற்றுவலி, வாந்தி, ஆழ்ந்த பெருமூச்சு, மூச்சில் பழவாடை ஆகியவை சேர்ந்தால் கீட்டோன் தேங்கிவிட்டது என்று பொருள். வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மது பற்றியும் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். குடித்தால் கல்லீரல் சர்க்கரையை வெளியிடுவதை நிறுத்திக்கொள்கிறது, அதனால் மறுநாள் காலை வரை தாழ்சர்க்கரை வரலாம். மற்றவர்கள் அதைப் போதை என்று நினைத்து அப்படியே தூங்க விட்டுவிடுவார்கள்.

வெயிலும் சிரிஞ்சும்

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும், உறைபனிப் பகுதியில் வைக்கக் கூடாது. திறந்தவை பெரும்பாலும் அறை வெப்பத்தில் நான்கு வாரங்கள் தாங்கும். ஆனால் சித்திரை வெயிலில் நம் அறையின் வெப்பமே 35-ஐத் தாண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மண்பானைக்குள் மண்பானை வைத்து, இடையில் ஈர மணலை நிரப்பி, மருந்தை நனையாமல் உள்ளே வைக்கலாம். பேருந்தில் போகும்போது மேல் தட்டிலோ சன்னலோரத்திலோ வைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள். குப்பி வாங்குகிறவர்கள் அதில் மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டா என்று ஒவ்வொரு முறையும் படித்துப் பாருங்கள். சிவப்பு மூடியுள்ள சிரிஞ்சு 40-க்கும், ஆரஞ்சு மூடியுள்ளது 100-க்கும் உரியவை. மாறினால் அளவு இரண்டரை மடங்கு பிசகும். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கட்டி விழுந்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது, ஆகவே வயிறு, தொடை, புட்டம் என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மருத்துவர் அறையில்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி பார்ப்பதோடு, பதினோரு வயதுக்கு மேல், நோய் வந்து சில ஆண்டுகளான பிள்ளைகளுக்குக் கண், சிறுநீரகப் பரிசோதனைகளும், நோய் தெரியவந்த காலத்திலிருந்தே எல்லோருக்கும் இரத்த அழுத்தம், தைராய்டு பரிசோதனைகளும் குறிப்பிட்ட இடைவெளியில் வேண்டும். செலவு தாங்காத குடும்பங்கள் அரசு மருத்துவமனைகளைத் தயக்கமின்றி நாடலாம். அங்கே இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது, சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனையில் அனுபவமுள்ள மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

அறைக்குள் போனவுடன் மருத்துவர் உங்களைப் பார்த்துக் கேட்பார். நீங்கள் பிள்ளையைப் பாருங்கள்; பிள்ளையே பதில் சொல்லட்டும். போவதற்கு முந்தின இரவு, பிள்ளை தன் கையாலேயே மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். என் மகள் பதினாறாவது வயதில் எழுதிய தாளில் முதல் கேள்வி, கல்லூரி விடுதியில் தங்க முடியுமா என்பது. இரண்டாவது, சென்சாரை ஒட்டிக்கொண்டு கடலில் குளிக்கலாமா என்பது. மூன்றாவதை எனக்குக் காட்டவில்லை. அதைக் கேட்பதற்காக நான் எழுந்து வெளியே வந்து, வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பத்து நிமிடம் கழித்து வந்தவள், அடுத்த முறை நாள் குறித்த சீட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.